பழைய பானை ஏன் குளிர்வதில்லை?

பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவராகப் போவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். எந்த ஊர் என்றாலும், கூடத்துக்குள் கால் வைத்ததும் வினிகர் நெடி வரும். களிமண்ணில் ஒரு மலை, அதன் வாய்க்குள் சமையல் சோடா, மேலே சிவப்புச் சாயம் கலந்த வினிகர். ஊற்றியதும் பொங்கி வழியும். பக்கத்து மேசையில் தெர்மாகோல் சூரியக் குடும்பம் இருக்கும். கடைசி வரிசையில் கையை நீட்டினால் தானே திறந்துகொள்ளும் குப்பைத் தொட்டி. அதற்கான பாகங்கள் மொத்தமும் ஒரே பெட்டியில் கடையில் கிடைக்கின்றன.

பிள்ளைகள் மூச்சு விடாமல் விளக்கம் சொல்லி முடிப்பார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "இதைச் செய்றதுக்கு முன்னாடி உனக்குத் தெரியாம இருந்து, செஞ்ச பிறகு தெரிஞ்சுக்கிட்டது என்ன?" பல மேசைகளில் பதில் வராது. அதற்காகப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். 'மாடல்' செய்யச் சொன்னோம், செய்து வந்திருக்கிறார்கள். தெரிந்த விடையை எடுத்துக் காட்டுவது மாடல். தெரியாத விடையைத் தேடிப் போவது ஆய்வு. இரண்டையும் ஒரே கூடத்தில் ஒரே பெயரில் வைத்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

என் அண்ணன் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். மானாமதுரைக்குப் பக்கத்துக் கிராமம். கண்காட்சிக்கு எட்டு வாரம் இருக்கும்போது போன் செய்தாள். "அத்தை, ஈஸியா ஒரு ப்ராஜெக்ட் சொல்லுங்க." வீட்டில் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைத் தேடி எடு, மற்றதை அப்புறம் பேசுவோம் என்றேன். அவளுக்கு ஏமாற்றம்தான். ஆனால் நாலாம் நாளே கேள்வி வந்துவிட்டது. திண்ணைப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்த அப்பத்தா முகத்தைச் சுளித்திருக்கிறார். "பான பழசாயிருச்சுத்தா, இனிமே குளுராது."

"பழசானா ஏன் அப்பத்தா குளுராது?"

"உப்புப் பூத்துருச்சுல்ல."

பானையின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. அந்த உப்புக்கும் தண்ணீர் குளிராததற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? ஊரில் எல்லோரும் உண்டு என்கிறார்கள். அளந்து பார்த்தவர்கள் அந்தத் தெருவில் இல்லை. ஒரு பள்ளி மாணவிக்கு இதைவிட நல்ல கேள்வி அமையாது. சின்னது, கைக்கெட்டியது, அளக்கக் கூடியது.

பானை குளிரும் விதம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மண்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே நீர் வெளியே கசிந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே இருக்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. புத்தகம் சொல்லாமல் விட்ட கணக்கை நாங்கள் போட்டுப் பார்த்தோம். 30 டிகிரியில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,430 ஜூல் வெப்பம் வேண்டும். 1 லிட்டர் நீரை 1 டிகிரி குளிர்விக்க 4,200 ஜூல் அளவுக்கு வெப்பத்தை எடுக்க வேண்டும். அப்படியானால் 10 கிராம் நீர், அதாவது இரண்டு தேக்கரண்டி, ஆவியாகிப் போனாலே மீதி 1 லிட்டரும் ஆறு டிகிரிக்குப் பக்கமாகக் குளிர்ந்துவிட வேண்டும். கணக்கைப் பார்த்துவிட்டு அவள் நம்பவில்லை. நியாயமான சந்தேகம். பானை குளிரக் குளிர, சுற்றியுள்ள காற்றின் சூடு உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். போகும் வெப்பமும் வரும் வெப்பமும் சமமாகும் இடத்தில் பானை நின்றுவிடும்.

அந்த இடத்தின் கீழ் எல்லை எது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வெப்பமானியின் முனையில் ஈரத்துணியைச் சுற்றி விசிறியால் வீசினால், அது ஓர் அளவு வரை இறங்கி நிற்கும். வானிலைக்காரர்கள் அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். எவ்வளவு நல்ல பானையானாலும் அதற்குக் கீழே போகாது. வெயில் 38 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அந்த எல்லை 24 டிகிரிக்குப் பக்கம். கடற்கரை ஊரில் வெயில் 34 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் எல்லை 28 டிகிரி. வெயில் கூடுதலான ஊரில் பானைத் தண்ணீர் அதிகம் குளிர்கிறது! சென்னையில் இருக்கும் எனக்கு ஊர்ப் பானைத் தண்ணீரின் குளிர்ச்சி எப்போதுமே ஓர் ஏக்கம். அது வெறும் ஊர்ப்பாசம் இல்லை என்று அன்று தெரிந்தது.

முதல் வாரமே அவள் சந்தையில் ஒரு புதுப்பானை வாங்கி, பழைய பானையை அதன் அருகில் வைத்து, இரண்டிலும் தண்ணீர் ஊற்றி மத்தியானம் அளந்துவிட்டாள். புதுசு நன்றாகவே குளிர்ந்திருந்தது. "முடிஞ்சுருச்சு அத்தை. அப்பத்தா சொன்னது கரெக்ட்."

இங்கேதான் பெரும்பாலான ப்ராஜெக்ட்டுகள் முடிந்துவிடுகின்றன. உண்மையில் வேலை தொடங்கும் இடமே இதுதான். புதுப்பானை எங்கே இருந்தது என்று கேட்டேன். ஜன்னல் பக்கம். காற்று பட்டால் ஆவியாதல் கூடும். இரண்டு பானையும் ஒரே அளவா? இல்லை, பழையது பெரியது. சுவர் தடிமன்? தெரியாது. மண்ணில் எவ்வளவு மணல் கலந்தார்கள், சூளையில் எவ்வளவு வெந்தது? இவை ஒவ்வொன்றுமே குளிர்ச்சியை மாற்றக்கூடியவை. உப்பு மட்டும் வேறாகவும் மற்ற எல்லாம் ஒன்றாகவும் இருந்தால்தான் உப்பைக் குற்றம் சொல்ல முடியும். பழைய பானைக்கும் புதிய பானைக்கும் நடுவில் நூறு வித்தியாசங்கள்.

அழாத குறை அவளுக்கு. அடுத்த நாள் அவளே யோசித்துச் சொன்ன வழி இது: ஒரே சூளையில் ஒன்றாக வெந்த ஆறு சின்னக் கலயங்கள். மூன்றில் தினமும் போர்த் தண்ணீர். மூன்றில் மழைக்குப் பிடித்து வைத்த தண்ணீர். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்ப் பக்கத்தில் ஒரே சூளைக் கலயம் வாங்குவது சிரமமில்லை. ஏன் மூன்று மூன்று? ஒவ்வொன்று போதாதா? போதாது. ஒரே கையால் வனைந்த இரண்டு கலயங்கள்கூட ஒன்றுபோல் கசிவதில்லை. ஒரே மாதிரித் தண்ணீர் ஊற்றிய மூன்று கலயங்களும் தமக்குள் எவ்வளவு மாறுபடுகின்றன என்று தெரிந்தால்தான், அந்தக் குழுவுக்கும் இந்தக் குழுவுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும்.

போர்த் தண்ணீரின் கரைந்த உப்பு அளவை டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தாள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. அவர்கள் வீட்டுத் தண்ணீர் முதல் எண்ணைத் தாண்டியிருந்தது.

வெப்பத்தை மட்டும் அளந்தால் போதாது, எடையையும் பார்க்க வேண்டும் என்பது பாதியில் புரிந்தது. அடைபட்ட கலயம் குறைவாக ஆவியாக்கும். ஆவியான நீரைச் சமையலறைத் தராசே கிராம் கணக்கில் சொல்லிவிடும். அதிலும் இரண்டு பொறிகள் இருந்தன. முதல் நாள் கலயத்தின் சுவரே தண்ணீரைக் குடிக்கும். ஆகவே ஒரு நாள் ஊறவைத்த பிறகுதான் கணக்கைத் தொடங்க வேண்டும். அடியில் சொட்டும் தண்ணீரும் எடையில் குறையும், ஆனால் அது ஆவியானது அல்ல. அதனால் ஒவ்வொரு கலயத்தையும் தட்டோடு சேர்த்து நிறுத்தாள். இரண்டு வெப்பமானிகளையும் உருகும் பனிக்கட்டியில் முக்கிச் சுழியம் காட்டுகின்றனவா என்று பார்த்தாள். ஒன்று அரை டிகிரி கூடக் காட்டியது. அதை மாற்றவில்லை, நோட்டில் எழுதிவைத்தாள். கலயங்கள் தினமும் ஓரிடம் தள்ளி உட்கார்ந்தன, ஜன்னலோரம் எல்லோருக்கும் கிடைக்கும்படி.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நாற்பது பக்கக் கட்டுரை நோட்டு. பேனாவால்தான் எழுத வேண்டும், தப்பானால் ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும், அழிக்கக் கூடாது. இவை இரண்டே நான் போட்ட விதிகள். மற்றதெல்லாம் அவளாகச் சேர்த்தது. 'காலை 6.00. மேகமூட்டம்.' 'நாலாவது கலயத்தில் தம்பி கை விட்டுவிட்டான். இன்றைய கணக்கு சேராது.' 'திருவிழாவுக்குப் போனதால் அளக்கவில்லை.' கண்காட்சியில் நான் முதலில் தேடுவது இப்படிப்பட்ட நோட்டைத்தான். ஈரம் பட்டு மை பரவிய பக்கம் எனக்குப் பளபளக்கும் சார்ட்டைவிட மேல். அளவிடத் தொடங்கும் முன்பே முதல் பக்கத்தில் அவள் தன் கருதுகோளையும் எழுதியிருந்தாள்: ஐந்து வாரத்தில் போர்த் தண்ணீர்க் கலயங்கள் குறைவாக எடை இழக்கும். முடிவு வந்த பிறகு நம் எதிர்பார்ப்பை அதற்கேற்ப வளைத்துக்கொள்வது மனித இயல்பு. தேதியோடு எழுதி வைத்த வரியை வளைக்க முடியாது.

இப்படிச் சொந்தத் தெருவிலிருந்து கேள்வியை எடுப்பது புதிய யோசனை இல்லை. 1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளை அப்படித்தான் ஊருக்குள் அனுப்புகிறது. தமிழ்நாட்டில் அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்த்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டம், தேர்வாகும் மாணவருக்கு 10,000 ரூபாய் தருகிறது. திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் தெருவில் இஸ்திரி போடுபவர் எரித்த கரியைப் பார்த்துத்தான் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார்; 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். அயர்லாந்தின் கின்சேல் ஊரில் மூன்று மாணவிகள், பட்டாணிச் செடியின் வேர்முடிச்சுகளைப் பார்த்து, அதில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவை வாற்கோதுமை, ஓட்ஸ் விதைகளோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கான விதைகளை முளைக்கவைத்து எண்ணினார்கள். விதைகள் சீக்கிரம் முளைத்தன. 2014 கூகுள் அறிவியல் கண்காட்சியின் முதல் பரிசு அவர்களுக்கு. எனக்கு அந்தப் பரிசைவிட, சலிக்காமல் அத்தனை விதைகளை எண்ணியதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஐந்து வாரம் முடிந்தது. போர்த் தண்ணீர்க் கலயங்களின் கழுத்தில் லேசாக வெள்ளை பூத்திருந்தது. நீர் உப்பைச் சுமந்துகொண்டு வெளிச்சுவருக்கு வருகிறது. நீர் பறந்துவிட, உப்பு அங்கேயே தங்குகிறது. அப்பத்தா சொன்னதில் முதல் பாதி கண்ணெதிரே நடந்தது. இரண்டாம் பாதி நடக்கவில்லை. வெப்பத்தில் வித்தியாசம் இல்லை. சிறு வித்தியாசம் இருந்திருந்தாலும் அந்த வெப்பமானிகளால் பிரித்துக் காட்டியிருக்க முடியாது. எடையில் போர்த் தண்ணீர்க் குழு சற்றுக் குறைவாக இழந்தது போல் தோன்றியது. ஆனால் ஆறு கலயங்களின் எண்களையும் புள்ளிகளாக வரைந்து பார்த்தபோது இரண்டு குழுவும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன.

"அத்தை, ஒரு கலயத்தை மட்டும் விட்டுட்டா வித்தியாசம் தெரியுது" என்றாள், மெதுவாக. அந்தக் கலயத்தை விட்டுவிடக் காரணம் ஏதாவது நோட்டில் எழுதியிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை. கொஞ்ச நேரம் போனில் பேச்சே இல்லை. பிறகு "சரி, அப்படியே போட்டுர்றேன்" என்றாள். எட்டு வாரத்தில் எனக்கு மிகவும் பெருமையாக இருந்த நிமிடம் அது.

சார்ட் ஒரே மாலையில் முடிந்தது. அதற்கு அவ்வளவு நேரம்தான் தர வேண்டும். கண்காட்சியில் நடுவர் ஒருவர், அப்படியானால் உன் ப்ராஜெக்ட் தோல்விதானா என்று கேட்டாராம். "இல்ல மேடம். அஞ்சு வாரத்துல அடைபடுறதா காட்ட முடியலன்னு தெரிஞ்சுது. எங்க அப்பத்தா பானைக்கு மூணு வருசம் ஆச்சு." பரிசு வேறு மேசைக்குப் போனது.

அடுத்த ஞாயிறு நான் ஊரில் இருந்தேன். ஏழு நாள் பழைய பானையையே நிறுத்து எழுதி வைத்திருந்தாள். புதுப்பானையோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, அதே பானையை உப்பு நீக்குவதற்கு முன்னும் பின்னும் அளப்பது இந்த முறைத் திட்டம். அளவும் தடிமனும் சூளையும் மாறாது. தண்ணீரைக் கொட்டிவிட்டு, வயிற்றுப் பகுதியில் படிந்திருந்த வெள்ளைத் திட்டின் மேல் ஒரு கரண்டி வினிகர் விட்டாள். பொடிப்பொடியாக நுரைத்தது.

"அத்தை, எரிமலை!"

அதேதான். சமையல் சோடாவில் இருப்பது பைகார்பனேட்; கடின நீர் விட்டுப்போவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். இரண்டிலுமே அமிலம் பட்டால் கரியமில வாயு குமிழ்விடும். கழுத்துப் பக்கத் திட்டில் வினிகர் விட்டபோது நுரையே வரவில்லை. அங்கே படிந்தது வேறு உப்பாக இருக்க வேண்டும். இரண்டையும் நோட்டில் படம் வரைந்து குறித்துக்கொண்டாள்.

பானையை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தோம். பிறகு இரண்டு நாள் வெறும் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறியது. செவ்வாய் இரவு நிரப்பித் தட்டோடு திண்ணையில் வைத்தாள். அப்பத்தா கட்டிலில் படுத்தபடி, காலையில் எத்தனை மணிக்கு நிறுப்பாய் என்று கேட்டார். எப்போதும்போல ஆறு மணிக்கு என்றாள்.