உயிரணுவின் பாரம்

நீரிழிவு நோய் நம் தேசத்தில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை நமது நேயர்களுக்கு விஸ்தரித்துக் கூற வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்து 2023-ம் வருஷத்தில் வெளியான கணக்குப்படி, சுமார் 10 கோடி ஜனங்கள் இந்நோய்க்கு ஆளாகியிருக்கிறார்கள். வீடுதோறும் சர்க்கரையைப் பற்றிய பேச்சு நடக்கிறது. இன்ஸுலினைப் பற்றிய பேச்சும் நடக்கிறது. ஆனால் அந்த இன்ஸுலினை இரவும் பகலும் உற்பத்தி செய்து தரும் கணையத்தின் உயிரணு ஏன் களைத்து மடிகிறது என்று கேட்போர் சிலரே. அக்கேள்விக்குச் சாஸ்திரிகள் கண்டிருக்கும் விடைகளில் ஒன்று, நீரிழிவுக்கு மாத்திரமன்றி வேறு பல வியாதிகளுக்கும் பொருந்துவதாயிருக்கிறது. ஆகவே அதை இன்று விசாரிக்கப் புகுந்தோம்.

1945-ம் வருஷத்தில் நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த கீத் போர்ட்டர், ஆல்பர்ட் கிளாட் முதலியோர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைக் கொண்டு உயிரணு ஒன்றை முழுமையாகப் படம் பிடித்தனர். அதனுள்ளே மெல்லிய வலையொன்று பின்னிக் கிடக்கக் கண்டனர். அதற்குப் பிற்பாடு போர்ட்டர் இட்ட பெயர் எண்டோபிளாஸ்மிக் ரெடிகுலம் என்பது. நாம் அதை உள்வலை என்று வழங்குவோம். உயிரணு செய்யும் புரதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவ்வலையினுள் புகுந்து பக்குவப்படுகிறது. இன்ஸுலினும் அவற்றுள் ஒன்று. புரதம் என்பது ஆதியில் ஒரு நீண்ட இழை. அது உரிய விதத்தில் மடிந்து உருவெடுத்தால்தான் தன் காரியத்தைச் செய்யும். பல் தவறிய சாவி பூட்டைத் திறக்குமோ? இழையை மடித்துச் சீர்படுத்துவதும், சீர்ப்படாததைக் கழித்து வெளியே தள்ளுவதும் உள்வலையின் தொழில்.

வரும் வேலை அளவுக்கு மிஞ்சினாலும், பரம்பரையாய் வந்த பிழையினால் இழையே கோணலாயிருந்தாலும், வைரஸ் கிருமி புகுந்தாலும், மடியாத இழைகள் உள்வலையில் தேங்கிவிடுகின்றன. இதுவே உள்வலையின் நெருக்கடி. இந்நெருக்கடியை உயிரணுவின் தலைமைக் கச்சேரியாகிய உட்கருவுக்கு அறிவிப்பது யார்? 1993-ல் பீட்டர் வால்ட்டரின் கோஷ்டியாரும், ஜப்பானியராகிய கஸுடோஷி மோரியும் அவரது சகாக்களும் தனித்தனியே ஈஸ்ட் அணுக்களை ஆராய்ந்து, ஐ.ஆர்.ஈ.1 என்னும் புரதமே அக்காவலாளி என்று நிரூபித்தனர். அதற்காக அவ்விருவருக்கும் 2014-ல் லாஸ்கர் பரிசு அளிக்கப்பட்டது. மனித உடலில் இக்காவலாளியோடு பெர்க், ஏ.டி.எப்.6 என்று இன்னும் இருவர் உண்டு.

இம்மூவரின் கட்டளைகள் நியாயமானவையே. புது வேலையைக் குறை என்பது முதற் கட்டளை. இது பெர்க்கின் பொறுப்பு. இழைகளை மடிக்க உதவும் புரதங்களை அதிகப்படுத்து, கெட்டுப்போனதை அழித்து இடத்தைக் காலி செய் என்பன மற்றவை. இவற்றால் நெருக்கடி தீர்ந்தால் உயிரணு பிழைத்தது. தீராமல் நீடித்தாலோ, அதே காவலர்கள் அதற்கு மரண தண்டனை விதித்துவிடுகிறார்கள்! காக்க வந்த சட்டமே கொல்லும் சட்டமாக மாறும் இவ்விடத்தில்தான் பல வியாதிகள் பிறக்கின்றன.

இதற்கு அத்தாட்சி வேண்டுவோர் ஒரு பரிதாபமான நோயைக் கவனிக்கலாம். வால்காட், ராலிஸன் என்ற வைத்தியர்கள் 1972-ல் அதை வர்ணித்தார்கள். பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே குழந்தைக்கு நீரிழிவு வந்துவிடுகிறது. பெர்க்கின் ஜீன் பழுதுபட்டிருப்பதே காரணமென்று 2000-ல் தெரிய வந்தது. வேலையைக் குறை என்று சொல்வாரில்லாத உயிரணு உழைத்து உழைத்தே மாய்கிறது. பெரியவர்களுக்கு வரும் நீரிழிவிலும் உள்வலைக்குப் பங்கு உண்டு. கொழுத்த எலிகளின் ஈரலிலும் கொழுப்பிலும் உள்வலை நெருக்கடியுற்று, இன்ஸுலினுக்கு அவை செவிசாயாமற் போவதை ஹார்வர்டைச் சேர்ந்த ஹோட்டமிஸ்லிகில் கோஷ்டியார் 2004-ல் காட்டினர். இன்ஸுலின் பலிக்காதபோது கணையம் அதை இன்னும் அதிகமாகச் செய்ய நேரிடுகிறது. அதன் பாரம் இரட்டிக்கிறது.

நிற்க. பெர்க்கைத் தூண்டிவிட்டால் சகல நோயும் தீரும் என்று சிலர் எண்ணக்கூடும். ஒரே சாட்சியைக் கேட்டுத் தீர்ப்புக் கூறுதல் தகாது. பிரையான் என்னும் கோணற் புரதத்தினால் மூளை அழியும் எலிகளில், பெர்க்கின் கட்டளை ஓயாமல் நிலைத்துவிடுவதால், மூளையணு தனக்கு வேண்டிய புரதமின்றி மடிகிறது என்று 2012-ல் கண்டார்கள். மறு வருஷம் பிரிட்டனில் ஜியோவன்னா மல்லூச்சியின் கோஷ்டியார், பெர்க்கைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து எலிகளின் மூளையைக் காத்தனர். ஆனால் விளைந்தது என்ன? எலிகள் இளைத்தன, இரத்தத்தில் சர்க்கரை ஏறிற்று, கணையம் பாதிக்கப்பட்டது. மூளைக்கு அமிர்தமாயிருந்தது கணையத்துக்கு நஞ்சாயிற்று.

புற்றுநோயிலோ விஷயம் தலைகீழ். மயலோமா என்னும் புற்றின் அணுக்கள் புரதத்தை ஏராளமாகச் செய்பவை. எப்போதும் நெருக்கடியின் விளிம்பிலேயே வாழ்பவை. கெட்ட புரதத்தை அழிக்கும் வழியை அடைத்து அவற்றின் பாரத்தைக் கூட்டும் போர்ட்டிஸோமிப் என்னும் மருந்து 2003-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டு, அநேகரின் ஆயுளை நீட்டியிருக்கிறது. ஓரிடத்தில் பாரத்தைக் குறைப்பது சிகிச்சை. மற்றோரிடத்தில் கூட்டுவதே சிகிச்சை.

ஆகவே, உயிரணுவின் நெருக்கடியை ஒரே மாத்திரையில் போக்குவதாக எவரேனும் விளம்பரம் செய்தால், எந்த அணுவின் நெருக்கடியை என்று நேயர்கள் கேட்பார்களாக. அதற்கு நேரான பதில் சொல்ல முடியாதவனிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

நம் கையில் இருப்பது என்ன? 2017-ல் வெளியான பிரிட்டிஷ் பரிசோதனையொன்றில், நோய் கண்டு ஆறு வருஷத்துக்கு மேற்படாத, இன்ஸுலின் போட்டுக்கொள்ளாத நோயாளிகள், வைத்தியர் மேற்பார்வையில் ஆகாரத்தைக் கண்டிப்பாகக் குறைத்து இளைத்தார்கள். ஒரு வருஷம் கழிந்தபோது அவர்களில் 100-க்கு 46 பேருக்கு மருந்தின்றியே நோய் அடங்கியிருந்தது. இதற்கு உள்வலை ஒன்றே காரணமென்று நாம் சாதிக்க வரவில்லை. ஆயினும், களைத்த உயிரணு அனைத்தும் செத்த உயிரணு அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை. காலத்தில் பாரத்தை இறக்கினால் அது மீண்டும் உழைக்கும். காலங்கடந்து இறக்கினால், தூக்குவதற்கு ஆளிராது.