குறிச்சொல் கேட்கும் படிவம்

பள்ளியில் சேர அச்சிட்ட விண்ணப்பம் ஒன்று தருவார்கள். பெயர், பிறந்த தேதி என்று இடம் விட்டிருக்கும். நிரப்பிக் கொடுத்தால் போதும். கணிப்பொறியில் நிரல் எழுதுவோருக்கும் இத்தகைய படிவம் உண்டு என்பதைத் தோழியர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

1976-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்தது இமாக்ஸ் என்னும் உரைத்திருத்தி. இன்று நாம் பயன்படுத்துவது, ரிச்சர்டு ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட குனூ இமாக்ஸின் வழி வந்தது. அதில் 'ஆட்டோ இன்செர்ட்' என்ற வசதியை இயக்கி, லிஸ்ப் மொழியில் புதிய கோப்பு திறந்தால், தலைப்புப் பகுதியை அதுவே எழுதித் தருகிறது. நடுவே, "குறிச்சொல் என்ன?" என்று கேட்கிறது.

இக்கேள்வி எதற்காக? நூலகத்தில் தாவரவியல் நூலைச் சமையல் அலமாரியில் வைத்துவிட்டால் யார் கண்டெடுப்பார்? நிரல்களும் அப்படியே. 'ஃபைண்டர்' என்னும் பகுதி அவற்றைக் குறிச்சொற்படி வகைப்படுத்திக் காட்டுகிறது. 'கேம்ஸ்', 'மெயில்', 'காலண்டர்' என்று அதற்கொரு பட்டியல் உண்டு. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் நிரல் உரிய வகையில் சேராது. ஆகவேதான் பட்டியலில் உள்ள சொல்லை மட்டுமே படிவம் ஏற்கிறது. சில எழுத்துகளைத் தட்டி 'டேப்' விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும். நல்ல ஏற்பாடுதான்!

ஆனால் ஒரு சொல் தந்ததும் மீண்டும் கேட்கும், மீண்டும் கேட்கும். ஒன்றும் எழுதாமல் 'என்டர்' அழுத்தினால்தான் ஓயும். இங்கேதான் சிக்கல். இமாக்ஸுடன் பலர் சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்கள் சில, வெற்று விடைக்கு இடம் தராமல் பட்டியலின் முதற்சொல்லை எடுத்துக்கொள்கின்றன. முதற்சொல் 'அப்ரெவ்'. விளைவு? அப்ரெவ், அப்ரெவ், அப்ரெவ்! வெளியேற வழியின்றி எழுதுபவர் திகைக்கிறார். பிழையைத் தடுக்க வைத்த கதவு ஆளையே உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறது.

கண்டிப்பைத் தளர்த்தி எச்சொல்லையும் ஏற்கச் செய்யலாம் என்பர் சிலர். அது நமக்கு உடன்பாடில்லை; எழுத்துப்பிழை மறுபடி நுழைந்துவிடும். கேள்வியை ஒரே முறை கேட்பதே சிறந்தது. 'கம்ப்ளீட்டிங் ரீட்' என்ற கட்டளையைத் திரும்பத் திரும்ப அழைப்பதற்குப் பதிலாக, 'கம்ப்ளீட்டிங் ரீட் மல்டிபிள்' என்பதை ஒருமுறை அழைத்தால் போதும். காற்புள்ளியிட்டு எத்தனை சொற்களும் தரலாம். ஒவ்வொன்றும் பட்டியலோடு ஒப்பிடப்படும். என்டர் அழுத்தியதும் கேள்வி முடிந்தது.

பழைய படிவத்தில் கடைசிச் சொல்லுக்குப் பின் தொங்கும் காற்புள்ளியையும் இடைவெளியையும் அழிக்கத் தனிக் குறியீடு ஒன்று உண்டு. சொற்களைப் பூச்சரம்போல் இடையிடையே காற்புள்ளியிட்டுக் கோத்துவிட்டால் அதுவும் வேண்டாம்.

திருத்தத்தை இமாக்ஸின் சொந்தக் கோப்பில் செய்துவிடாதீர்கள். அடுத்த பதிப்பை நிறுவும்போது அது மறைந்துவிடும். புதிய படிவத்தை நம் தொடக்கக் கோப்பில் எழுதி, படிவப் பட்டியலின் தலையில் சேர்க்க வேண்டும். முதலில் பொருந்துவதையே இமாக்ஸ் எடுத்துக்கொள்ளும். பழையது பின்னால் அப்படியே இருக்கும்.