புல்புல்தாராவில் சுருதி பிசகுகிறதா? கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. லெட்டர் டைப் செய்தாயிற்று, படம் பார்த்தாயிற்று, கேம்ஸும் ஆடியாயிற்று. "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்களுக்காக இந்தக் கட்டுரை. வீட்டில் புல்புல்தாரா, கிடார், மாண்டலின் என்று ஏதாவது தந்தி வாத்தியம் இருந்தால், அதன் சுருதி எங்கே சரியாக இருக்கிறது, எங்கே பிசகுகிறது என்பதை உங்கள் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். செலவு எதுவும் கிடையாது.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் கடையநல்லூர். போன முறை லீவில் ஊருக்குப் போனபோது, மாமா வீட்டுப் பரணில் அவருடைய புல்புல்தாரா துணி சுற்றிக் கிடந்தது. ஒரு காலத்தில் கோயில் கொடை, கல்யாண வீடு என்று கச்சேரிகளில் வாசித்தவர் அவர். "ஏன் மாமா வாசிக்கிறதில்லை?" என்று கேட்டேன். "எனக்குக் காது போயிட்டுல்லா மருமவனே. மேல் ஸ்தாயிக்குப் போனா எல்லாம் பிசிறடிக்கிற மாதிரி கேக்கு. வயசாயிட்டு" என்றார்.

காது போய்விட்டதா, வாத்தியம் கெட்டுவிட்டதா? லேப்டாப் கையில் இருந்தது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

நம்ம ஊர் பேஞ்சோ

புல்புல்தாராவை நம் நாட்டில் பல இடங்களில் 'பேஞ்சோ' என்றே சொல்கிறார்கள். மகாராஷ்டிராவில் ஊர்வலங்களில் வாசிக்கும் 'பேஞ்சோ பார்ட்டி'களில் இருப்பது இதன் மின்சார வடிவம்தான். 2016-ல் 'பேஞ்சோ' என்ற பெயரில் இந்திப் படமே வந்தது. இதன் பூர்வீகம் ஜப்பான். 1912-ல் நகோயா நகரில் மொரிதா கோரோ என்பவர் உருவாக்கிய 'தைஷோகோட்டோ'தான் இங்கே வந்து புல்புல்தாரா ஆனது. டைப்ரைட்டர் போன்ற கட்டைகளை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் தந்தியை மீட்ட வேண்டும்.

அமெரிக்காவின் புளூகிராஸ் இசையில் வரும் 5 தந்தி பேஞ்சோ வேறு வாத்தியம். அதில் கட்டைகள் கிடையாது. வட்டமான தோலின் மேல் தந்திகள் போகும். ஆனால் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அந்த பேஞ்சோவில் தந்தியைத் தாங்கும் குதிரை ஒட்டப்பட்டிருக்காது. தந்தியின் அழுத்தத்தால்தான் தோலின் மேல் நிற்கும். தந்தி மாற்றும்போது அது நகர்ந்தால் சுருதி பிசகும். அதனால்தான் வெற்றுத் தந்தியையும் 12-வது மெட்டையும் மீட்டி ஒப்பிட்டுப் பார்த்துக் குதிரையை நிறுத்துகிறார்கள். மாமாவின் புல்புல்தாராவிலும் குதிரை ஒட்டாத குதிரைதான். எனவே அதே சோதனை இதற்கும் பொருந்தும்.

என்னென்ன தேவை?

1. 'ஆடாசிட்டி' என்ற இலவச சாஃப்ட்வேர். 2000-ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது. ஆடாசிட்டிடீம்.ஆர்க் என்ற தளத்தில் இருந்து டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. ஒரு மைக். லேப்டாப்பில் உள்ள மைக்கே போதும். வாத்தியத்தை அதிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

3. மின்விசிறியை நிறுத்திய ஒரு அறை.

முதலில் ஒரு முக்கியமான வேலை. விண்டோஸ் 11-ல் 'செட்டிங்ஸ்' சென்று, 'சிஸ்டம்', 'சவுண்டு' என்று போய், உங்கள் மைக்கைக் க்ளிக் செய்யுங்கள். அங்கே 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' இருந்தால் 'ஆஃப்' ஆக்கிவிடுங்கள். இந்த வசதி பேச்சுக்காக உள்ளது. தந்தியின் நாதம் மெல்ல அடங்கும்போது அதையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும்.

ரெக்கார்டு செய்வது எப்படி?

சோதிக்கும் தந்தியைத் தவிர மற்ற எல்லாத் தந்திகளுக்கும் அடியில் மடித்த துணியைச் செருகி ஊமையாக்குங்கள். ஆடாசிட்டியில் சிவப்பு வட்டமாக உள்ள ரெக்கார்டு பட்டனை அழுத்துங்கள். எந்தக் கட்டையும் அழுத்தாமல் வெற்றுத் தந்தியை 4, 5 முறை மீட்டுங்கள். சற்று இடைவெளி விட்டு, மேல் ஸட்ஜத்துக்கான கட்டையை அழுத்தி அதேபோல் மீட்டுங்கள். வாசிக்கும்போது எவ்வளவு அழுத்துவீர்களோ அவ்வளவே அழுத்துங்கள். கூடுதலாக அழுத்தினால் தந்தி இழுபட்டு சுருதி ஏறிவிடும். முடிந்ததும் ஸ்பேஸ்பாரைத் தட்டினால் ரெக்கார்டிங் நின்றுவிடும்.

இப்போது வெற்றுத் தந்தியின் ஒலி உள்ள பகுதியை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்வு செய்யுங்கள். 'அனலைஸ்' மெனுவில் 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' க்ளிக் செய்தால் மலைத்தொடர் போல ஒரு படம் தோன்றும். அதில் 'சைஸ்' என்ற இடத்தில் 32768 என்று தேர்வு செய்யுங்கள். மவுஸை ஒரு சிகரத்தின் அருகே கொண்டு போனால் 'பீக்' என்ற இடத்தில் அதன் அதிர்வெண் ஹெர்ட்ஸில் தெரியும்.

இரண்டு இடங்களில் ஏமாறக்கூடாது. ஒன்று, 50, 100 ஹெர்ட்ஸில் சிறு சிகரம் தெரிந்தால் அது நம் வீட்டு மின்சாரத்தின் ரீங்காரம். விட்டுவிடுங்கள். இரண்டு, ஒரு தந்தி எழுப்பும் ஒலியில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களும் கலந்தே இருக்கும். சில நேரம் இரண்டாவது சிகரம் முதல் சிகரத்தைவிட உயரமாக இருக்கும். சம இடைவெளியில் வரும் சிகரங்களில் முதலாவதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்கள் சொன்ன கதை

மாமாவின் வெற்றுத் தந்தி 262 ஹெர்ட்ஸ் காட்டியது. மேல் ஸட்ஜம் இதைப் போல் சரியாக இரண்டு மடங்கு, அதாவது 524 இருக்க வேண்டும். வந்ததோ 531!

7 ஹெர்ட்ஸ் என்பது பெரிய பிசகா? அந்த இடத்தில் ஒரு அரை ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் சுமார் 31 ஹெர்ட்ஸ். அதில் கிட்டத்தட்ட கால் பங்கு ஏறி ஒலிக்கிறது. நல்ல காதுக்கு இது உறுத்தத்தான் செய்யும். மாமாவுக்கும் உறுத்தியிருக்கிறது. பழியை மட்டும் தன் காதின் மேல் போட்டுக்கொண்டார்.

"குதிரையைக் கடைசியா எப்ப கழற்றினீங்க?" என்று கேட்டேன். சில வருஷம் முன்பு தந்தி மாற்றியபோது கழற்றி, கண் மதிப்பில் திரும்ப வைத்தாராம். காரணம் பிடிபட்டுவிட்டது.

சரி செய்வது எப்படி?

விதி எளியது. மேல் ஸட்ஜம் இரண்டு மடங்கைவிட அதிகமாக இருந்தால் குதிரையை மெட்டுகளிலிருந்து தள்ளி வையுங்கள். குறைவாக இருந்தால் மெட்டுகளை நோக்கி நகர்த்துங்கள். எவ்வளவு? எத்தனை சதவீதம் பிசகோ, தந்தி நீளத்தில் ஏறக்குறைய அத்தனை சதவீதம். மாமாவின் தந்தி நீளம் 48 செ.மீ. பிசகு 1.3 சதவீதம். எனவே சுமார் 6 மி.மீ. தந்தியைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினோம். ஒவ்வொரு முறையும் வெற்றுத் தந்தியை மறுபடி 262-க்குச் சேர்த்துவிட்டு அளந்தோம். நான்காவது முறை 525 வந்தது. இந்தப் படம் முழு எண்ணாகத்தான் காட்டும் என்பதால் 1 ஹெர்ட்ஸ் வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டாம்.

பிறகு எல்லாக் கட்டைகளையும் சோதித்தோம். எக்ஸெலில் ஏ1 கட்டத்தில் 262 என்று டைப் செய்து, அதன் கீழ்க் கட்டத்தில் ஏ1-ஐ 1.05946-ஆல் பெருக்கும்படி பார்முலா போட்டு கீழே இழுத்தால், 278, 294, 312, 330, 350 என்று ஒவ்வொரு அரை ஸ்வரத்துக்கும் வர வேண்டிய எண் கிடைக்கும். பக்கத்தில் நீங்கள் அளந்ததை எழுதுங்கள். எந்தக் கட்டை பிசகு என்று பளிச்சென்று தெரியும். எல்லாமே பிசகினால் குதிரையில் கோளாறு. ஒன்றிரண்டு மட்டும் பிசகினால் அந்த மெட்டு தேய்ந்திருக்கலாம், அல்லது கட்டையின் தகடு வளைந்திருக்கலாம்.

பழைய வாத்தியம் வாங்கப் போகிறீர்களா? ரெக்கார்டிங்கின் அலை வடிவத்தையும் பாருங்கள். நல்ல நாதம் மெல்ல மெல்லச் சரியும். ஒரு கட்டையில் மட்டும் சட்டென்று செத்தால் அந்தத் தகடு தந்தியை மெட்டின் மேல் சரியாக அழுத்தவில்லை. எல்லாவற்றிலும் செத்தால் பெரும்பாலும் தந்தி துருப்பிடித்திருக்கும், மாற்றினால் போதும்.

வீணையையும் இப்படி அளக்கலாம். அதன் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. பிசகு தெரிந்தால் நீங்களே நகர்த்த வேண்டாம். மேளம் கட்டத் தெரிந்தவரிடம் உங்கள் எண்களைக் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனை வாத்தியத்தைத்தான் அளக்கிறது, காதை அல்ல. பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

மாமாவின் வாத்தியத்தில் ஒரு கட்டை இன்னும் 4 ஹெர்ட்ஸ் ஏற்றமாகத்தான் இருக்கிறது. மெட்டு தேய்மானம். "அது கிடக்கட்டும், அந்த ஸ்வரத்தைத் தொட்டுட்டு ஓடிருவேன்" என்று சொல்லிவிட்டார். நான் சென்னைக்குப் புறப்பட்ட அன்று வாத்தியம் பரணில் இல்லை, திண்ணையில் இருந்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கலாம். இறக்கி, தூசி தட்டி, அளந்து பாருங்கள்!