கிளினிக்கில் இரண்டு முறை பணம் கட்டினால் திரும்பக் கேட்கலாம்

கேமரன் மலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் பல்வலிக்காக டவுன் கிளினிக்குக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 80 ரிங்கிட் ரொக்கமாகக் கட்டுகிறார். அது தோட்டத்தின் பேனல் கிளினிக் என்பதால், அதே சிகிச்சைக்கான பில் தோட்ட அலுவலகத்துக்கும் போகிறது, அலுவலகமும் கட்டிவிடுகிறது. ஒரு பல்லுக்கு இரண்டு கட்டணம். அந்த 80 ரிங்கிட் யாருக்குச் சேரும்?

சட்டம் இதில் தெளிவாக உள்ளது. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு. கிளினிக்குக்கும் இது பொருந்தும். மருத்துவ விடுப்புக்கான பரிசோதனைச் செலவு முதலாளியுடையது என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு கூறுகிறது. பல் மருத்துவர் பரிசோதனையும் அதில் அடங்கும்.

என்ன செய்யலாம்?

1. ரசீதுடன் முதலில் கிளினிக்குக்கே செல்லுங்கள். தோட்டமும் கட்டியதற்கான சான்றை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

2. கிளினிக் மறுத்தால், தனியார் கிளினிக்குகளைக் கண்காணிக்கும் பகாங் மாநிலச் சுகாதார இலாகாவிடம் புகார் செய்யலாம்.

3. பணத்தை வசூலிக்க மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு போடலாம். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் இதற்கு 5,000 ரிங்கிட் வரம்பு வைத்தன. வழக்கறிஞர் தேவையில்லை.

பலர் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என நினைக்கிறார்கள். ஆனால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவைகளுக்குப் பொருந்தாது. அங்கே அலைந்து நாளை வீணாக்க வேண்டாம்.

சம்பளத்தில் பிடித்திருந்தால்

கிளினிக்கில் நீங்கள் கட்டிய பிறகும் தோட்டம் அதே தொகையைச் சம்பளத்தில் கழித்திருந்தால், அது கிளினிக் விவகாரம் அல்ல. சட்டம் அனுமதிக்காத பிடித்தத்தை முதலாளி செய்யக்கூடாது. சம்பளச் சீட்டுடன் தொழிலாளர் இலாகாவை அணுகுங்கள்.

வேலையில் காயம் என்றால்

பெர்கேசோ பேனல் கிளினிக்கிலும் அரசு மருத்துவமனையிலும் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. வேறு கிளினிக்கில் கட்டியிருந்தால், அசல் ரசீதைக் காட்டி பெர்கேசோவிடம் கேட்கலாம். அதன் கட்டண வரம்புக்குள்தான் கிடைக்கும். தோட்டம் ஏற்கெனவே அந்தப் பணத்தை உங்களுக்குக் கொடுத்திருந்தால், அதே ரசீதுக்கு மீண்டும் கேட்கக்கூடாது.

எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது ரசீதைத்தான். மருந்துப் பையோடு அதையும் தூக்கி எறியாதீர்கள்.