சொத்துப் பட்டியலில் ஒரு சிறுமி

முப்பத்திரண்டு ஆண்டுகள் காணிப் பதிவகத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவள் நான். பழைய உறுதிகளின் மணமும், மங்கிப்போன மையும், "வடக்கெல்லை, கிழக்கெல்லை" என்று தொடங்கும் வாசகங்களும் எனக்கு நன்கு பழக்கமானவை. ஒரு காணிக்கு எத்தனை பரப்பு, அதில் எத்தனை பனை, கிணற்றில் எத்தனை பங்கு என்று எழுதியிருப்பதை வாழ்நாள் முழுவதும் வாசித்திருக்கிறேன். ஆனால் காணியும் மாடும் எழுதப்பட்ட அதே பட்டியலில் ஒரு பெண்ணின் பெயரும் அவளது விலையும் எழுதப்பட்டிருப்பதை, 2024 ஆம் ஆண்டில் அமெரிக்காவில்தான் முதன்முதலாகக் கண்ணால் கண்டேன்.

மகளின் பேறுகாலத்துக்காக ஜோர்ஜியா மாநிலத்தின் அட்லான்டா நகருக்கு அருகே ஆறு மாதங்கள் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். கறுப்பின அம்மையார், எழுபது வயதைத் தாண்டியவர். நான் காணிப் பதிவகத்தில் வேலை செய்தவள் என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் நீங்கள் என்னோடு வரத்தான் வேண்டும். பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் எனக்குத் தேவை" என்றார்.

அவர் தேடிக்கொண்டிருந்தது தமது கொள்ளுப்பாட்டியின் தாயை. அதற்காக அவர் முதலில் தேடியதோ, அந்தத் தாயை அடிமையாக வைத்திருந்த குடும்பத்தை!

ஏன் எசமானைத் தேட வேண்டும்?

இந்தக் கேள்வி எனக்கும் எழுந்தது. அவர் பொறுமையாக விளக்கினார்.

1860 ஆம் ஆண்டு அமெரிக்காவில் 39 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடிமைகளாக இருந்தனர். ஜோர்ஜியாவில் மட்டும் 4 இலட்சத்து 62 ஆயிரம் பேர். சட்டத்தின் முன் அவர்கள் மனிதர்கள் அல்லர், சொத்து. அவர்களது திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. 1850, 1860 ஆம் ஆண்டுகளின் குடிசன மதிப்பீட்டில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் எசமானின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ற விபரங்கள் மட்டும் வரிசையாக இருக்கும். அடிமைகளின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவில்லை.

1865 இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயரோடு எழுதப்பட்டது 1870 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான். ஆகவே தமது முன்னோரைத் தேடும் கறுப்பினத்தவர் 1870 வரை வந்து அங்கே முட்டி நிற்கிறார்கள். அதற்கு அப்பால் போக முக்கிய வழி, எசமானின் வீட்டுக் கடதாசிகள். எவரது சொத்தாக இருந்தார்கள் என்று தெரிந்தால், அந்தச் சொத்துக்காரரின் மரண சாசனத்திலும் உறுதிகளிலும் அவர்களது பெயர் இருக்கலாம்.

கவுண்டிப் பதிவகத்தில்

அமெரிக்க மாநிலங்கள் கவுண்டி என்ற சிறு நிர்வாகப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஜோர்ஜியாவில் 159 கவுண்டிகள் உண்டு. காணி உறுதிகளும் மரண சாசனங்களும் ஒவ்வொரு கவுண்டியின் நீதிமன்றக் கட்டடத்திலும் பதியப்பட்டு வந்துள்ளன. எமது கச்சேரியும் காணிப் பதிவகமும் ஒன்றாக இருப்பதைப்போல என்று நினைத்துக் கொள்ளலாம். பழைய பதிவேடுகள் பலவற்றின் படப்பிரதிகளை மொரோ என்ற ஊரில் உள்ள ஜோர்ஜியா சுவடிகள் நிலையத்தில் பார்க்கலாம். இப்போது பெரும் பகுதி இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. வட கரோலினாவில் பன்கம்ப் கவுண்டியின் காணிப் பதிவகம் தன்னிடமிருந்த அடிமை விற்பனை உறுதிகளைத் தேடித் தொகுத்து, எவரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. பதிவகத்தில் வேலை செய்தவள் என்ற முறையில் எனக்கு அது பெருமையாகவே இருந்தது.

தேடும் முறையையும் சொல்கிறேன். முதலில் 1870 ஆம் ஆண்டுப் பதிவில் குடும்பத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பின்னர் அதே பக்கத்திலும் முன்பின் பக்கங்களிலும் உள்ள வெள்ளையினக் காணிக்காரரைக் குறித்துக்கொள்ள வேண்டும். விடுதலைக்குப் பின் பலர் முன்னைய எசமானின் காணிக்கு அருகிலேயே கூலிக்கு வேலை செய்தார்கள். குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பக்கூடாது. சிலர் கடைசி எசமானின் பெயரையும், சிலர் அதற்கு முந்தியவரின் பெயரையும், சிலர் தாம் விரும்பிய பெயரையும் வைத்துக்கொண்டார்கள். அடுத்து 1860 ஆம் ஆண்டு அட்டவணையில் அந்தக் காணிக்காரரின் பெயரின் கீழே வயது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தினால் அவரது மரண சாசனம், இறந்தபின் எடுக்கப்பட்ட சொத்து மதிப்பீடு, வாரிசுகளுக்கிடையில் நடந்த பங்கீடு ஆகியவற்றைப் புரட்ட வேண்டும். கவுண்டி எல்லைகள் மாறியதையும் மறக்கக்கூடாது. உதாரணமாக, கிளேற்றன் கவுண்டி 1858 இல்தான் உருவானது. அதற்கு முந்திய கடதாசிகளை ஹென்றி, ஃபயெற் ஆகிய கவுண்டிகளில் தேட வேண்டும்.

இன்னொன்றையும் அந்த அம்மையார் சொன்னார். "ஆண்களின் பெயரை மட்டும் தேடாதீர்கள். தகப்பன்மார் மகள்மாருக்குத் திருமணத்தின்போது அடிமைகளைக் கொடுத்தார்கள். ஆகவே எசமானியின் பிறந்த வீட்டுப் பெயரையும் தேட வேண்டும்." வெள்ளையினப் பெண்கள் தாமே அடிமைகளை வாங்கியும் விற்றும் வந்ததை ஸ்டெஃபனி ஜோன்ஸ் றொஜர்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 2019 இல் வெளியான தமது நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். எமது சீதன உறுதிகள் என் நினைவுக்கு வந்தன. அப்போது நான் ஒன்றும் பேசவில்லை.

மெல்வினியாவின் கதை

இப்படித் தேடிக் கிடைத்த கதைகளில் உலகறிந்த ஒன்று உண்டு. தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் கவுண்டியில் வாழ்ந்த டேவிட் பற்றர்சன் என்பவர் 1850 இல் தமது மரண சாசனத்தை எழுதினார். நூற்கும் இராட்டினம், மேசை விரிப்பு, மாடு ஆகியவற்றோடு மெல்வினியா என்ற ஆறு வயது நீக்ரோச் சிறுமியும் அதில் குறிக்கப்பட்டாள். பின்னர் அவளுக்கு இடப்பட்ட பெறுமதி 475 டொலர். பற்றர்சன் 1852 இல் இறந்தபின், ஜோர்ஜியாவில் இருந்த அவரது மகளுக்கும் மருமகன் ஹென்றி ஷீல்ட்ஸுக்கும் அச்சிறுமி அனுப்பப்பட்டாள். முன்னர் அவள் இருந்த இடத்தில் 21 அடிமைகள். புதிய இடத்தில் மூவர் மட்டுமே. தாயோ தெரிந்த முகங்களோ அங்கே இருந்ததாகத் தெரியவில்லை.

பதின்ம வயதிலேயே மெல்வினியா ஓர் ஆண் குழந்தைக்குத் தாயானாள். குழந்தையின் தகப்பன் வெள்ளையினத்தவர். அடிமைப் பெண்ணுக்கு மறுக்கும் உரிமை இருந்ததா என்பதைச் சகோதரிகளே, நீங்களே சிந்தித்துப் பாருங்கள். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்று 1662 இலேயே வேர்ஜீனியாவில் சட்டம் செய்திருந்தார்கள். பிள்ளை பிறந்தால் எசமானின் சொத்து பெருகும் என்பதே அதன் பொருள்.

டொல்பஸ் என்ற அந்தப் பிள்ளை வளர்ந்து தச்சுத் தொழிலாளியாகி, பேமிங்ஹாம் நகரில் சொந்தத் தொழில் நடத்தினார். அவரது வழியில் வந்தவரே 2009 முதல் 2017 வரை அமெரிக்க சனாதிபதியின் மனைவியாக வெள்ளை மாளிகையில் இருந்த மிசெல் ஒபாமா. மெல்வினியா அவருக்குத் தாய் வழியில் ஐந்து தலைமுறைக்கு முந்திய பாட்டி. மேகன் ஸ்மொலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளரும் றேச்சல் ஸ்வான்ஸ் என்ற பத்திரிகையாளரும் 2009 இல் இதனை வெளிக்கொணர்ந்தார்கள். குழந்தையின் தகப்பன் ஹென்றி ஷீல்ட்ஸின் மகன் சாள்ஸ் என்பதை மரபணுச் சோதனைகள் சுட்டியதாக 2012 இல் ஸ்வான்ஸ் எழுதினார்.

மெல்வினியா 1938 இல் இறந்தார். அவரது மரண அத்தாட்சிப் பத்திரத்தில் பெற்றோரின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் "தெரியாது" என்றே எழுதப்பட்டுள்ளது. அவர் வாழ்ந்த றெக்ஸ் என்ற ஊரில் 2012 இல் அவருக்கு ஒரு நினைவுக்கல் நாட்டியிருக்கிறார்கள். மொரோவிலிருந்து திரும்பும் வழியில் அம்மையார் என்னை அங்கே அழைத்துச் சென்றார். பெரிய கல்லல்ல. ஆனாலும் அதில் ஒரு பெயர் இருக்கிறது.

பெட்டியைத் திறந்தவர்

அம்மையாரின் தேடலுக்கு வருகிறேன். நான்காவது நாள் ஒரு சொத்து மதிப்பீட்டுப் பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டோம். மேலே ஒரு கோவேறு கழுதை, கீழே ஒரு வண்டி. நடுவில் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும், அவர்களுக்கெதிரே விலையும். எழுத்தை முதலில் வாசித்தவள் நான்தான். வாசிக்கும்போது என் குரல் தளர்ந்துவிட்டது. அடுத்த பக்கத்தில் பங்கீடு. தாய் விதவை எசமானிக்கு, மகன் ஒரு வாரிசுக்கு, மகள் இன்னொரு வாரிசுக்கு. அம்மையார் அழவில்லை. தாயின் பெயரின்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். அந்தப் பெயர் அவரது குடும்பத்துக்குரியது. ஆகவே நான் அதை இங்கே எழுதவில்லை.

அந்த எசமானின் வழிவந்தவர்கள் இன்றும் அதே கவுண்டியில் வாழ்கிறார்கள். அம்மையார் அவர்களுக்கு ஏற்கெனவே கடிதம் எழுதியிருந்தார். "அதையெல்லாம் இப்போது ஏன் கிளற வேண்டும்?" என்று ஒருவர் பதில் எழுதினாராம். ஆனால் அக்குடும்பத்து மூதாட்டி ஒருவர் சில வாரங்களின் பின் தொலைபேசியில் அழைத்து, தம்மிடமிருந்த பழைய கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வரும்படி சொன்னார். அதில் பிள்ளைகள் இருவரும் பிறந்த திகதிகள் இருந்தன. நாட்டில் வேறெங்கும் இல்லாத பதிவு அது!

தென் கரோலினாவில் நெல் தோட்டங்கள் வைத்திருந்த போல் குடும்பத்தில் வந்த எட்வேர்ட் போல், தமது முன்னோரின் கடதாசிகளைக் கொண்டே அவர்களிடம் அடிமைகளாக இருந்தோரின் வழித்தோன்றல்களைத் தேடிச் சென்று, 1998 இல் ஒரு நூல் எழுதினார். அவரைப்போல் சிலரே துணிகிறார்கள். முன்னோர் செய்ததற்கு நாம் குற்றவாளிகள் அல்லர். ஆனால் பெட்டியின் திறப்பு எம் கையில் இருக்கும்போது அதைப் பூட்டி வைத்தால், அந்தப் பூட்டு எம்முடையதே.

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி

வீடு திரும்பும்போது அம்மையார் சாதாரணமாகக் கேட்டார்: "உங்கள் நாட்டிலும் இது இருந்ததா? உங்கள் குடும்பம் எந்தப் பக்கம்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தர் 1707 இல் தேசவழமைச் சட்டமாக்கியபோது அதில் அடிமைகள் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. பிரித்தானியர் 1818 இல் அடிமைகளைப் பதிவு செய்யப் பணித்தார்கள். அப்பதிவேடுகள் இலண்டனில் உள்ள பிரித்தானிய தேசிய சுவடிகள் நிலையத்தில் உள்ளன. இலங்கையில் அடிமை முறை 1844 இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதன் பின்னும் நீண்ட காலம் எமது வீடுகளில் அந்தப் பேச்சு ஒழியவில்லை. "எங்கட வளவில அடிமை குடிமை கனபேர் இருந்தவை பிள்ளை" என்று என் அப்பாச்சி பெருமையோடு சொன்னதைச் சிறுவயதில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! அந்தச் சொல்லுக்குள் மனிதர்கள் இருந்தார்கள் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை.

"இருந்தது. எங்கள் குடும்பம் உங்கள் பக்கம் அல்ல என்றே நினைக்கிறேன்" என்றேன். அவர் என் கையைத் தட்டி, "சொன்னீர்களே, அது போதும்" என்றார்.

ஊர் திரும்பியதும் என் மூத்த அண்ணரிடம், அப்பாச்சி வளவில் தலைமுறையாக வேலை செய்தவர்களின் பெயர்களைக் கேட்டேன். "அதையெல்லாம் இப்ப ஏன் கிளறுகிறாய்?" என்றார். கடல் கடந்தும் அதே வார்த்தை! எமது பழைய உறுதிகள் யுத்தத்தில் அழிந்துவிட்டன. நினைவு மட்டுமே மிச்சம். விடாமல் கேட்டதில் அண்ணருக்கு இரண்டு பெயர்கள் நினைவுக்கு வந்தன. கிணற்றடியில் நெல்லுக் குற்றிய மூதாட்டியின் பெயர் எம் இருவருக்குமே தெரியவில்லை. கொப்பியில் இரண்டு பெயர்களை எழுதி, மூன்றாவது வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பெட்டி இருக்கலாம். அல்லது நினைவு தடுமாறாத ஒரு பாட்டி இருக்கலாம். உங்கள் முன்னோரின் பெயர்களோடு, அவர்களுக்காக உழைத்தவர்களின் பெயர்களையும் கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு ஒருநாள் உங்கள் படலையை யாரேனும் தட்டக்கூடும்.