காகிதப் பெட்டியில் பால்!

காகிதத்தில் பாலை ஊற்றினால் என்ன ஆகும்? காகிதம் நனையும், கிழியும், பால் தரையில் ஓடும். சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

ஆனால், கடையில் விற்கும் காகிதப் பெட்டியில் பால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறதே! அது எப்படி?

இந்தப் பெட்டி பிறந்த இடம், சுவீடன் நாட்டில் உள்ள லுண்ட் நகரம். அங்கே ரூபன் ரௌசிங் என்பவர் அட்டைப்பெட்டிக் கம்பெனி நடத்தினார். அந்தக் காலத்தில் பால் கண்ணாடிப் பாட்டிலில் வந்தது. பாட்டில் கனமானது. கீழே விழுந்தால் உடையும். காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கழுவவேண்டும். குறைந்த காகிதத்தில் பாலுக்கு ஒரு கூடு செய்ய ரௌசிங் விரும்பினார்.

1944ஆம் ஆண்டில், அவரிடம் வேலை பார்த்த எரிக் வாலன்பெர்க் வழி கண்டுபிடித்தார். காகிதத்தைக் குழாய்போல் உருட்டினார். அடிப்பக்கத்தை முன்னும் பின்னுமாக அமுக்கினார். மேல்பக்கத்தை இடமும் வலமுமாக அமுக்கினார். நான்கு முக்கோணம் கொண்ட கூடு வந்துவிட்டது! பழைய நோட்டுத் தாளில் வீட்டுப் பிள்ளைகளும் இதைச் செய்து பார்க்கலாம்.

மனைவி சொன்ன யோசனை

காற்று புகாமல் அதற்குள் பாலை அடைப்பது எப்படி? ரௌசிங்கின் மனைவி எலிசபெத் வழி சொன்னார். அந்த ஊரில் குடலுக்குள் இறைச்சியை நிரப்பி, இடையிடையே முறுக்கி "சாசேஜ்" செய்வார்கள். அதைப்போலவே, குழாய் நிறையப் பால் இருக்கும்போதே அமுக்கி ஒட்டினால் என்ன என்றார்.

சூட்டில் பால் தீய்ந்துவிடும் என்றார் கணவர். செய்து பார்த்தீர்களா என்று மனைவி கேட்டாராம். செய்து பார்த்தார்கள். பால் தீயவில்லை!

1951ஆம் ஆண்டில் "டெட்ரா பாக்" கம்பெனி தொடங்கியது. மறு ஆண்டே லுண்ட் பால்பண்ணை, 100 மில்லி பாலேட்டை இந்தக் கூட்டில் அடைத்து விற்றது. முக்கோணக் கூட்டை அடுக்குவது பெரும்பாடு. அதனால், 1963ஆம் ஆண்டில் செங்கல் வடிவப் பெட்டி வந்தது.

வாலன்பெர்க்குக்குப் பெருமை தாமதமாகத்தான் வந்தது. சுவீடன் பொறியியல் அகாடமி அவருக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தது 1991ஆம் ஆண்டில். 47 ஆண்டு கழித்து!

காகிதம் மட்டும்தானா?

மாதக்கணக்கில் பாலைக் காக்கும் பெட்டியில் முக்கால் பங்குதான் காகிதம். மீதி பெரும்பாலும் பிளாஸ்டிக். பால் நனைக்காமல் தடுப்பது அதுதான். நடுவே மிக மெல்லிய அலுமினியத் தகடு. அது வெளிச்சத்தையும் காற்றையும் தடுக்கிறது.

சிக்கலும் இங்கேதான். காலிப் பெட்டியைக் காகித ஆலையில் தண்ணீரில் போட்டுத் தயிர் கடைவதுபோல் கடைகிறார்கள். காகித நார் பிரிந்து, மறுபடி காகிதமாகிறது. ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் அழுத்திப் பலகையாக்குகிறார்கள். அந்தப் பலகையில் கூரையும் மேஜையும் செய்கிறார்கள்.

ஆனால், பெட்டி ஆலைக்குப் போய்ச் சேரவேண்டுமே! எச்சில் குப்பையோடு போட்டால் அழுகி நாறும். அலசி, தட்டையாக மடித்து, பழைய பேப்பர்க்காரர் வாங்கினால் அவரிடம் தனியாகக் கொடுக்கலாம்.

அலுமினியமே இல்லாமல் பெட்டி செய்ய முடியுமா? 2023ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டில் அப்படி ஒரு பால் பெட்டி விற்பனைக்கு வந்தது. தகடு இருந்த இடத்தில், காற்றைத் தடுக்கும் காகிதத்தையே வைத்தார்கள். அதில் காகிதம் சுமார் 80 சதவீதம். பிளாஸ்டிக் இன்னும் போகவில்லை.