வேலைத்தலமே பள்ளிக்கூடம்

கையொப்பமிடத் தெரிந்துவிட்டால் எழுத்தறிவு வந்துவிட்டது என்ற எண்ணம் நம் கிராமங்களில் இன்னும் நிலவி வருகிறது. ஆனால், கையொப்பமிடுபவர் அத்தாளில் எவ்வளவு தொகை குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அறிய வேண்டாமா? 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிவு பெற்றிருந்தனர். பெண்களில் 73 பேரே பெற்றிருந்தனர். எஞ்சியோருள் பலர் உழைத்துப் பிழைக்கும் முதியோர். பகலெல்லாம் பாடுபட்டவர்களை இரவு வகுப்புக்கு அழைத்தால் களைப்பினால் வர இயலுவதில்லை. ஆகவே, அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே கல்வியைக் கொண்டு செல்வது நலம் எனக் கருதுகிறோம்.

கூலியும் கணக்கும்

முதியோருக்குக் கணக்கு புதிதன்று. சந்தையில் மனக்கணக்காகவே மீதிச் சில்லறையைச் சரிபார்க்கிறார்கள். ஒரு வயலுக்கு எத்தனை கட்டு நாற்று வேண்டும் என்பதைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் அறியாதது, எண்களையும் அளவுகளையும் எழுத்தில் படிப்பதுதான்.

அளவின்படி கூலி தரப்படும் மண் வேலையை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் ஆழம் கொண்ட குழியில் வெட்டிய மண் 3 கன மீட்டர். ஆழம் 40 சென்டிமீட்டர் என்று தவறாகக் குறிக்கப்பட்டால் அது 2.4 கன மீட்டராகிவிடும்; உழைப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கூலி கிடையாமற்போகும். டேப்பைப் படிக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால், அத்தவறு அவ்விடத்திலேயே திருத்தப்படும்.

வயல் வேலையிலோ உயிருக்கே ஆபத்து உண்டு. பூச்சிமருந்துப் புட்டியில் உள்ள சாய்சதுரக் குறியின் கீழ்ப்பாதி நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டுகிறது. சிவப்பு மிகக் கடுமையானது. மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் கடுமை குறையும். லிட்டருக்கு 2 மில்லி என்று குறித்திருந்தால், 10 லிட்டர் தெளிப்பானுக்கு 20 மில்லி போதும். இதைப் படிக்க இயலாதவர் மூடிக்கணக்கில் ஊற்றுகிறார். பொருளும் வீண், உடலுக்கும் கேடு.

புதுக்கோட்டை காட்டிய வழி

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் கல் குவாரிகளில் வேலை செய்த பெண்களும் சேர்ந்து கற்றனர். பெண்கள் குழுக்களுக்குக் குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டபோது, வரவு செலவுக் கணக்கு அவர்களுடைய சொந்தக் கணக்காயிற்று. கற்ற எண் அன்றாடம் பயன்பட்டால் மறவாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை

முதலாவதாக, பகலுணவுக்குப் பின் அரைமணி நேரம் மரத்தடியில் வகுப்பு நடத்த ஏற்பாடு செய்யலாம். வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர், டேப், வங்கிப் புத்தகம், பால் சங்கச் சீட்டு ஆகியவையே பாடநூல்களாகட்டும்.

இரண்டாவதாக, கற்பிக்க ஊரிலுள்ள படித்த இளைஞரையும் பெண்களையும் அழைக்கலாம். 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தன்னார்வலர் மூலம் எழுத்தும் எண்ணும் கற்பிக்க வகை செய்யப்பட்டுள்ளது. உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியரை அணுகி விவரம் அறியலாம்.

மூன்றாவதாக, கண்பார்வையைச் சோதிக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கிட்டப் பார்வை மங்குவது இயல்பு. எழுத்துத் தெரியாததால் ஒருவர் வகுப்பை விட்டு நின்றுவிட்டால், அவருக்கு மண்டையில் ஏறவில்லை என்று பிறர் எண்ணிவிடுகின்றனர். அவருக்கு வேண்டியது ஒரு மூக்குக் கண்ணாடியே.

கற்றவர்களைக் கிராம சபையில் பஞ்சாயத்தின் வரவு செலவைப் படிக்கச் சொல்வோம். தம் கூலியைத் தாமே கணக்கிடத் தெரிந்த மக்கள், தம் ஊரின் கணக்கையும் கேட்பார்கள். அவ்வாறு கேட்கும் மக்களே நல்ல பஞ்சாயத்துக்கு உறுதுணையாவர்.